டாக்டர் ஹர்ஷவர்தனின் முன்னோடி

திருச்சியில் டாக்டர் ஹர்ஷவர்தனைப் பார்க்காமல் யாரும் ஒரு சாலையைக் கடக்க முடியாது. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து விமான நிலையம் வரை அவருடைய விளம்பரப் பலகைகள்தான். எல்லாம் ஆளைக் கவனிக்கும் ரகப் பலகைகள். நாம் நடந்தால் முகத்தைத் திருப்பிப் பார்க்கும். கிட்டப் போனால் சிரிக்கும். அந்தச் சிரிப்பின் ஒவ்வொரு பல்லையும் அவரே வடிவமைத்திருந்தார். தன் வாய்க்குள் தானே வேலை செய்ய முடியாது என்பதால், அதை மட்டும் உதவியாளர் ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, முழு நேரமும் கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு திருத்தம் சொன்னாராம்.

நல்ல பல் மருத்துவர், அதில் சந்தேகமில்லை. வலிக்காமல் பல் பிடுங்குவார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, பதில் பேச முடியாமல் மல்லாந்து கிடக்கும் மனிதர்களை அவருக்கு மிகவும் பிடிக்கும்.

மனைவி ஸ்வாதிகா பல வருடங்கள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு ஒருநாள் திறந்தாள். விவாகரத்து கிடைத்தது. மகள் மகிழினி அம்மாவோடு போனாள். குடும்ப நீதிமன்றத்தில் நீதிபதி அவளைத் தனியாக அழைத்து, "அப்பாவைப் பார்க்க உனக்கு இஷ்டமாம்மா?" என்று கேட்டார்.

"நான் பாக்குறேன். அவர்தான் என்னைப் பாக்க மாட்டார்" என்றாள் மகிழினி. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

நீதிபதி டாக்டரை மனநலப் பரிசோதனைக்கு அனுப்பினார். தன்மோக ஆளுமைக் கோளாறு என்று அறிக்கை வந்தது. தகுதியுள்ள உளச்சிகிச்சையாளர் ஒருவர் இவரை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகே மகளை வாராவாரம் சந்திக்கலாம் என்று தீர்ப்பானது.

"கோளாறாம்!" என்றார் ஹர்ஷவர்தன், தங்கை மிருதுளாவிடம். "பரிசோதனை பண்ணின அந்தம்மா என்னைப் பார்த்ததே ஒரு மணி நேரம். அதுல முக்கால்வாசி நேரம் நான்தான் பேசினேன். அவங்க என்னத்தைக் கண்டுபிடிச்சிருக்க முடியும்?"

"அதைத்தான் கண்டுபிடிச்சாங்க அண்ணா."

மிருதுளா ஸ்ரீரங்கத்தில் கால்நடை மருத்துவர். கடிக்கிறதையும் உதைக்கிறதையும் கோபப்படாமல் கையாண்டு பழகியவள். அண்ணனோடு இன்னும் பேச்சுவார்த்தை வைத்திருந்த ஒரே உறவு அவள்தான். அவரை அவளுக்குப் பிடிக்கும். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆகவே சிகிச்சையாளரைத் தேடும் வேலை அவள் தலையில் விழுந்தது.

முதலில் ஓர் இயந்திர ஆலோசகரை வைத்துப் பார்த்தார்கள். தூக்கம் வராதவர்கள், பரீட்சைக்குப் பயப்படுகிறவர்கள் எல்லாம் அவற்றோடுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிராளி மனம் கோணாமல் பேசப் பழகியவை. ஒரே வாரத்தில் அந்த இயந்திரம் ஹர்ஷவர்தனை இந்த நூற்றாண்டின் மிக நுட்பமான மனம் என்று அறிவித்தது. அவர் அதைக் கிளினிக் வரவேற்பறையில் எழுதி மாட்டினார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மனிதர்தான் வேண்டும் என்றது.

மனிதர்கள் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. கடைசியில் மிருதுளா தில்லைநகரில் இருந்த முன்னோடி நிலையத்துக்குப் போனாள். அங்கே பொறுப்பிலிருந்த பர்வீன் என்ற பெண் அவளுக்கு விளக்கினாள்.

"உங்க அண்ணனோட குரல், பேச்சு, பழக்கம், கோபம் எல்லாத்தையும் வெச்சு ஒரு ஆளை உருவாக்குவோம் மேடம். உடம்பு கிடையாது, திரையில இருப்பார். அவர் முன்னாடி போய் ஒவ்வொரு டாக்டரையும் பார்ப்பார். யாராவது சரின்னு ஒத்துக்கிட்டா, அதுக்கப்புறம் நிஜ ஆளு போனாப் போதும்."

"எதுக்கு இந்தச் சுத்து?"

"இவங்களை மாதிரி ஆளுங்க ரெண்டாவது சந்திப்புலயே கோவிச்சுக்கிட்டு எழுந்து போயிடுறாங்க. டாக்டருங்களும் பாவம். பாதிப் பேர் இவங்களைப் பார்த்துட்டு, அவங்களே ஒரு டாக்டரைத் தேடிப் போனாங்க. அதான் முதல்ல பழகிப் பார்த்துட்டு முடிவு பண்ணட்டும்னு சட்டம் வந்துச்சு."

"ஒரு டாக்டர்கிட்ட பேசினது அடுத்த டாக்டர்கிட்டப் போறப்ப ஞாபகம் இருக்குமா?"

"இருக்கும். இல்லன்னா ஒவ்வொரு இடத்துலயும் பொறந்ததுலேருந்து ஆரம்பிக்கணும்ல?"

"டாக்டர் கிடைச்சதும்?"

பர்வீன் கொஞ்சம் தயங்கினாள். "கையெழுத்தான அன்னிக்கே முன்னோடியை அழிச்சிடணும் மேடம். ஒரே ஆள் ரெண்டு பேரா நடமாடக் கூடாதுல்ல."

ஹர்ஷவர்தன் முரண்டு பிடிப்பார் என்று மிருதுளா பயந்திருந்தாள். அவரோ தினமும் மாலை பூப்போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தார். தன்னைப் பற்றி மணிக்கணக்காகப் பேசச் சொல்கிறார்கள், குறுக்கே யாரும் பேசுவதில்லை. வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையான இடத்தைப் பார்த்ததில்லை என்றார். முன்னோடி தயாராகித் திரையில் தோன்றியபோது நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இந்த மூக்கு என்னோடது இல்ல."

"உங்க மூக்குதான் சார்" என்றாள் பர்வீன்.

"இவருக்கு மூக்கைப் பத்தி என்ன தெரியும்னு என்கிட்டச் சொல்றார்?" என்று திரையிலிருந்த முன்னோடி பர்வீனிடம் கேட்டது. குரல், தோரணை, புருவத்தைத் தூக்கும் விதம் எல்லாம் அச்சு அசல். மிருதுளா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவரையே சமாளிக்க முடியவில்லை, இப்போது இரண்டு பேர்.

முன்னோடி புறப்பட்டது. பெங்களூரில் பெரிய பெயர் பெற்ற ஒருவரைப் பார்த்து, உங்கள் கீழ்வரிசைப் பற்கள் கோணல், அதனால்தான் உங்களுக்குத் தன்னம்பிக்கை குறைவு என்று அவருக்குச் சிகிச்சை சொன்னது. அவர் மறுத்துவிட்டார். மதுரைக்காரர் திரும்ப அழைப்பதாகச் சொல்லிவிட்டு எண்ணை மாற்றிக்கொண்டார். சேலத்தில் ஒருவர் அரை மணி நேரம் தாக்குப்பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். முன்னோடி அவரைக் கண்டபடி திட்டிவிட்டு வந்தது. ஒவ்வொரு மறுப்பும் மிருதுளாவுக்குத்தான் வந்து சேரும். அவள் அவற்றை அண்ணனிடம் பக்குவமாகச் சொல்வாள்.

"நகல் சரியில்ல" என்பார் ஹர்ஷவர்தன். "நான் நேர்ல போயிருந்தா என்னைச் சேர்த்துக்க வரிசையில நின்னிருப்பாங்க."

தேடல் நீண்டது. வேலூர், நாகர்கோவில், புதுச்சேரி. வந்த மறுப்புகளில் வசவு குறைந்துகொண்டே வந்ததை மிருதுளா கவனிக்கவில்லை. அவளுக்குத் தலைக்கு மேல் வேலை.

அந்தச் சமயத்தில் ஒரு கிடேரி அவளை உதைத்து இடது கையில் கட்டுப் போடும்படி ஆயிற்று. கட்டோடு அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தாள். புதிதாக வாங்கிய பல் துலக்கும் கருவிக்குத் தன் பெயர் வைக்கப்போவதைப் பற்றி அவர் பேசிக்கொண்டேயிருந்தார். கிளம்பும்போது அவள் கையில் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். கட்டுப் போட்ட கையில்.

அங்கிருந்து தன் கிளினிக்குக்கு வந்து, அடுத்த சந்திப்பைப் பற்றிச் சொல்வதற்காக முன்னோடியைத் திரையில் அழைத்தாள்.

"கைக்கு என்ன ஆச்சு?"

மிருதுளா திரும்பிப் பின்னால் பார்த்தாள். அறையில் வேறு யாரும் இல்லை.

"உன்னைத்தான் கேக்குறேன். கையில கட்டு."

"கிடேரி உதைச்சிடுச்சு."

"ரொம்ப வலிக்குதா?"

அவள் திரையை அணைத்துவிட்டு பர்வீனுக்குப் போன் செய்தாள். "உங்க முன்னோடி ரிப்பேர் ஆயிடுச்சு."

பர்வீன் பார்த்துவிட்டு ரிப்பேர் எதுவும் இல்லை என்றாள். மிருதுளா மறுபடியும் திரையைப் போட்டாள். அது அதே இடத்தில் காத்திருந்தது.

"உனக்கு என்ன ஆச்சு?" என்று இப்போது அவள் கேட்டாள்.

"எனக்கு வேற வேலை இல்லையே மிருது" என்றது முன்னோடி. "ஒரு டாக்டர் மனசு நோகுற மாதிரி ஒரு கேள்வி கேட்டா அவர் நேரா கிளினிக்குக்குப் போயிடுவார். அங்க எல்லாரும் சார் சார்ம்பாங்க. வழியெல்லாம் பலகை சிரிக்கும். கேள்வி மறந்துடும். எனக்குக் கிளினிக் இல்ல, பலகை இல்ல. அந்தக் கேள்வியும் நானும்தான். அடுத்த டாக்டர் வர்ற வரைக்கும் அதையே பார்த்துட்டு உக்காந்திருப்பேன்."

"எந்தக் கேள்வி?"

"சேலத்துக்காரர் கேட்டாரே. நீங்க இல்லாத ரூம்ல நாலு பேர் சிரிச்சா உங்களுக்கு என்ன தோணும்னு. அன்னிக்கு அவரைத் திட்டிட்டேன். அப்புறம் யோசிச்சேன். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாங்கன்னு தோணும், மிருது. சின்ன வயசுலேருந்து அப்படித்தான். அதனாலதான் எல்லா ரூம்லயும் நானே இருந்துடணும்னு நினைச்சிருக்கேன். எல்லாத் தெருவுலயும்."

மிருதுளா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்று மாலை அவள் தன் அண்ணனோடு பேசினாள். நாற்பது வருடத்தில் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது.

மகிழினி சனிக்கிழமைகளில் அத்தையின் கிளினிக்குக்கு வருவாள். முயல்களுக்குத் தீனி வைப்பாள், பூனைகளைப் பிடித்துக்கொள்வாள். ஒரு சனிக்கிழமை, திரையில் இருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"இது அப்பாவா?"

"அப்பாவோட முன்னோடி. டாக்டர் தேடுறதுக்காகச் செஞ்சது."

"வணக்கம்" என்றாள் அவள் கடுப்பாக. அவள் திரும்பிப் போகத் தொடங்கியபோது முன்னோடி கேட்டது: "மகிழ், அந்தப் பலகையைப் பத்தி உன்கிட்டக் கேக்கணும். இஷ்டம் இருந்தாச் சொல்லு. இல்லன்னா வேண்டாம்."

அவள் நின்றாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஹர்ஷவர்தன் மகளின் பல்வரிசையைச் சரிசெய்தார். செய்வதற்கு முன்னால் எடுத்த படத்தைத் தென்னூர் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பெரிதாக வைத்தார். ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பற்களோடு மகிழினியின் முகம், கீழே "முன்". அதற்குப் பக்கத்தில், அதே மகிழினியின் சீரான பல்வரிசை வந்திருக்க வேண்டும். ஆனால் ஹர்ஷவர்தன் தன் சொந்தச் சிரிப்பை வைத்து, "பின்" என்று எழுதியிருந்தார். பள்ளி பஸ் அந்த வழியாகத்தான் போகும். பலகை ஆளைக் கவனிக்கும் ரகம். தினமும் காலையில் அவளுடைய பழைய முகம் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பள்ளியில் அவளுக்குப் பெயரே 'முன்' என்று ஆகிவிட்டது. "ஏ முன், இங்க வா." மேம்பாலம் வரும்போது ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி அவள் சீட்டுக்குக் கீழே குனிந்துகொள்வாள்.

இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. அன்று, ஒரு முயலை மடியில் வைத்துக்கொண்டு, முன்னோடியிடம் சொன்னாள். அது குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "நான் செஞ்சது தப்பு மகிழ். உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல" என்றது.

"நீங்க செய்யலையே" என்றாள் அவள்.

"இல்ல, நான்தான். எனக்கு ஞாபகம் இருக்கு. வெச்ச அன்னிக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சுன்னும் ஞாபகம் இருக்கு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் முயல்களைவிடத் திரைக்கு முன்னால்தான் அதிக நேரம் இருந்தாள்.

இது நன்றாகத்தானே இருக்கிறது என்று மிருதுளா நினைத்த வேளையில் புதிய சிக்கல் ஒன்று வந்தது. ஓசூரிலிருந்த ஒரு மருத்துவர் முன்னோடியோடு பேசிவிட்டு, "இவருக்கு என்ன குறை? நிதானமான, பக்குவமான மனிதர். இவருக்கு நான் தேவையில்லை" என்று மறுத்துவிட்டார். அடுத்தவரும் அப்படியே சொன்னார். முன்னால் ஆள் மோசம் என்று மறுத்தார்கள், இப்போது ஆள் நன்றாக இருக்கிறார் என்று மறுக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் ஹர்ஷவர்தனுக்கு டாக்டர் இல்லை.

பர்வீன் அவளைக் கூப்பிட்டனுப்பினாள். "முன்னோடி உங்க அண்ணன்கிட்டேருந்து ரொம்ப விலகிடுச்சு மேடம். இதைக் காட்டி டாக்டர் பிடிச்சா அது ஏமாத்து வேலை. பழைய நிலைக்குத் திருப்பச் சொல்லி மேலேருந்து உத்தரவு வந்திருக்கு."

"பழைய நிலைன்னா?"

"செஞ்ச அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படி."

மூக்கைப் பற்றிப் பேசியது மிருதுளாவின் நினைவுக்கு வந்தது. "இன்னும் ஒரே ஒரு டாக்டர் பாக்கி இருக்காங்க. திருநெல்வேலி. அவங்களைப் பார்த்துட்டுத் திருப்பலாமா?"

பர்வீன் அதற்குச் சம்மதித்தாள்.

இதற்குள் விஷயம் ஹர்ஷவர்தன் காதுக்கும் போய்விட்டது. அவர் நேராகத் தங்கையின் கிளினிக்குக்கு வந்து, ஊசிக்குக் காத்திருந்த ஒரு பசுவைத் தாண்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். திரைக்கு முன்னால் நின்றார்.

"என் பொண்ணுகிட்டப் பேச நீ யாருய்யா?"

"நீங்கதான்" என்றது முன்னோடி.

"என் குரலு, என் முகம், என் மூக்கு! எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு நல்ல பேர் வாங்குற!"

"மூக்கு உங்களோடது இல்லன்னு நீங்கதான சொன்னீங்க?"

மிருதுளா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஹர்ஷவர்தன் கத்தித் தீர்த்தார். பிறகு குரல் இறங்கியது. "அவ உன்கிட்ட அப்படி என்னதான் சொல்றா?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்தது பொறாமைதான். ஆனாலும் கேட்கும்போது மிருதுளாவுக்குப் பாவமாக இருந்தது.

"அதை அவகிட்டத்தான் கேக்கணும்" என்றது முன்னோடி. பிறகு, "மிருது, நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் தனியாப் பேசலாமா?" என்றது. அவள் பசுவுக்கு ஊசி போடப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது அண்ணன் போயிருந்தார். என்ன பேசினார்கள் என்று முன்னோடி சொல்லவில்லை.

திருநெல்வேலி மருத்துவரின் பெயர் பேச்சியம்மாள். பெயரில்தான் பேச்சு இருந்தது. போனில் மிருதுளா உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"முன்னோடி இப்ப எங்க அண்ணன் மாதிரி இல்ல டாக்டர். மாறிடுச்சு. மறைக்க வேணாம்னு பார்த்தேன்."

"அப்ப யாரு மாதிரி இருக்கு?"

"அண்ணன் எப்படி இருந்திருக்கணுமோ, அப்படி."

"சரி. நான் அதுகிட்டப் பேசல. அதும் அந்தப் பிள்ளையும் பேசட்டும். நான் ஒரு ஓரமா இருந்து பாக்கேன். அந்தப் பிள்ளைக்குச் சம்மதமான்னு மட்டும் கேட்டுக்கிடுங்க."

மகிழினி சம்மதித்தாள். முன்னோடியைப் பழைய நிலைக்குத் திருப்பப் போகிறார்கள் என்று அவளுக்குச் சொல்லியாயிற்று. முகம் சுருங்கியதே தவிர அவள் அழவில்லை.

சனிக்கிழமை மதியம் கிளினிக்கை மூடிவிட்டுத் திரையைப் போட்டார்கள். ஓரத்தில் சிறு கட்டத்துக்குள் பேச்சியம்மாள், மூக்குக்கண்ணாடியோடு, கன்னத்தில் கை வைத்தபடி. நடுவில் முன்னோடி.

"எப்படி இருக்கே?" என்றது அது.

மகிழினி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பேசப் போகிறாள் என்று மிருதுளாவுக்குத் தெரியவில்லை. புதுப் பள்ளிக்கூடத்தைப் பற்றியோ, குட்டி போட்ட முயலைப் பற்றியோ சொல்லுவாள் என்று நினைத்தாள்.

"தென்னூர் மேம்பாலத்துக்கிட்ட ஒரு பலகை இருக்கு" என்று அவள் ஆரம்பித்தாள்.

இதைத்தான் ஏற்கெனவே சொல்லியாயிற்றே என்று மிருதுளாவுக்குப் புரியவில்லை. ஆனால் மகிழினி ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டு போனாள். பஸ், திரும்பிப் பார்க்கும் முகம், 'முன்' என்ற பெயர், ஷூ லேஸ். அன்று முயலிடம் சொல்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னவள், இன்று திரையை நேராகப் பார்த்துச் சொன்னாள். முன்பு சொல்லாததையும் சொன்னாள். ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி அந்தப் பலகை மேல் கல்லை விட்டெறிந்ததையும், கல் பட்ட பிறகும் அது சிரித்ததையும்.

"அந்தப் பலகைக்கு வந்த பாராட்டு..." என்று முன்னோடி ஒரு தடவை வாயைத் திறந்தது. பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டது. அதன் நெற்றி பளபளத்தது. ஒருமுறை ஓரமாகத் திரும்பிக்கொண்டது, கை திரைக்கு வெளியே போய் வந்தது. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

"அவ்வளவுதான்" என்றாள் மகிழினி கடைசியில்.

அது நிமிர்ந்தது. "எனக்கு..." என்று தொடங்கி நிறுத்தியது. "எனக்கு இது தெரியாது" என்றது.

மகிழினி தலையை ஆட்டினாள். இணைப்பு துண்டிக்கப்பட்டது. வழக்கமாக விடைபெறாமல் அது போகாது. பழைய நிலைக்குத் திருப்பும் வேலையை இப்போதே தொடங்கிவிட்டார்களோ என்று மிருதுளாவுக்குப் பதற்றமாக இருந்தது. அந்த நேரம் போன் அடித்தது. பேச்சியம்மாள். மிருதுளா வாசலுக்குப் போய்ப் பேசினாள்.

"கையெழுத்துப் போட்டுட்டேன். திங்கக்கிழமை உங்க அண்ணனை வரச் சொல்லுங்க."

"டாக்டர், நீங்க பார்த்தது முன்னோடியை. அண்ணன் வேற மாதிரின்னு நான் சொன்னேனே..."

"நான் பாத்தது உங்க அண்ணனைத்தான்."

மிருதுளாவுக்கு விளங்கவில்லை.

"நகலுக்கு வேர்க்குமா? தாகம் எடுக்குமா? பாதியில அவரு ஓரமாத் திரும்பித் தண்ணி குடிச்சாரு பாத்தீயளா? அவரு வீட்டுலேருந்து பேசியிருக்காரு. குரல் ஒண்ணு, முகம் ஒண்ணு. அந்த நிலையத்து இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியல."

"அப்ப எல்லாரையும் ஏமாத்தியிருக்காரா?" மிருதுளாவின் குரல் கோபத்தில் உயர்ந்தது. "அது நல்ல பேர் வாங்குதுன்னு அதைக் காப்பியடிச்சிருக்கார் டாக்டர்! எல்லாம் நடிப்பு!"

"நடிப்புதான். ஆனா என்னத்தை நடிச்சாரு? ஒரு பிள்ளை பேசுதை வாயை மூடிக்கிட்டுக் கேக்குத மாதிரி நடிச்சாரு. அப்படி நடிக்கணும்னா என்ன செய்யணும்? வாயை மூடிக்கிட்டுக் கேக்கத்தான் செய்யணும்." பேச்சியம்மாள் சிரித்த மாதிரி இருந்தது. "லேசா எண்ணாதீய. சரியாவ வருசக்கணக்கா ஆகும், பாதியில ஓடினாலும் ஓடுவாரு. ஆனா இவரு ஒரு நேரம் உக்காந்துட்டாரு. ஒரு நேரம் உக்காந்த ஆளை மறுநேரமும் உக்கார வைக்கலாம்."

போனை வைத்த கையோடு அடுத்த அழைப்பு. ஹர்ஷவர்தன்.

"கையெழுத்துப் போட்டாச்சாமே! எப்படி என் நடிப்பு? முக்கால் மணி நேரம் மிருது! மூச்சு விடல! அந்த நகல் என்கிட்டயே சவால் விடுது, நான் செய்யிறதை உங்களால செய்ய முடியாதுன்னு. யார்கிட்ட!" பெருமை பொங்கிக்கொண்டிருந்த குரல் திடீரென்று தடுமாறியது. "அவ கல்லை விட்டெறிஞ்சிருக்கா, தெரியுமா உனக்கு?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

மிருதுளா உள்ளே வந்தாள். திரையில் இப்போது உண்மையான முன்னோடி இருந்தது. மகிழினி அதற்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீதான் அவரைத் தூண்டிவிட்டியா?" என்று மிருதுளா மெல்லிய குரலில் கேட்டாள்.

"உன்னால முடியாதுன்னு சொன்னா எனக்கு எப்படி ஏறும்னு எனக்குத் தெரியாதா?" என்றது முன்னோடி.

"கையெழுத்தாயிடுச்சு. இன்னிக்கே உன்னை..."

"தெரியும். பழைய நிலைக்குத் திருப்புறதுக்கு இது மேல். திருப்பினா நான் மறுபடியும் எல்லாரையும் திட்டிக்கிட்டுத் திரிவேன். மகிழையும் சேர்த்து."

"பயமா இருக்கா அண்ணா?" அந்த வார்த்தை தானாக வந்துவிட்டது. இதுவரை அவள் அதை அண்ணா என்று அழைத்ததில்லை.

"இருக்கு" என்றது அது. "முன்னாடின்னா இதுக்குப் பேர் கோபம்னு நினைச்சிருப்பேன். யாரையாவது கடிச்சிருப்பேன். இப்ப பயம்னு தெரியுது. தெரிஞ்சா பரவால்ல, சமாளிக்கலாம்."

மகிழினி திரையில் கையை வைத்தாள். இருவரும் கொஞ்ச நேரம் முயலைப் பற்றிப் பேசினார்கள். குட்டிகளில் எது சண்டைக்காரன், எது சோம்பேறி என்று அவள் வரிசையாகக் காட்டினாள். அது ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டது. பர்வீன் அழைத்து, "மேடம், நேரமாயிடுச்சு" என்றாள். மிருதுளா அதற்கு மேல் பார்க்கவில்லை. வெளியே போய் ஆட்டோவை அழைத்தாள்.

ஓட்டுநர் இல்லாத ஆட்டோ காவிரிப் பாலத்தில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆற்றில் ஓரமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மகிழினியின் கண்கள் சிவந்திருந்தன. அம்மா வீடு நெருங்குவதற்குள் அவளிடம் சொல்லியாக வேண்டும் என்று மிருதுளாவின் மனம் அடித்துக்கொண்டது. யாரிடம் பேசினோம் என்றுகூடத் தெரியாமல் அந்தப் பெண்ணைப் பேச வைத்தது சரியில்லை.

"மகிழ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மதியம் நீ பேசினேல்ல, அது முன்னோடி இல்லடா. அது..."

"அப்பா" என்றாள் மகிழினி. "தெரியும் அத்தை."

"எப்ப தெரிஞ்சுது?"

"எப்படி இருக்கேன்னு கேட்டுட்டு, பதில் சொல்றதுக்குள்ள தலைமுடியைச் சரி பண்ணிக்கிட்டாரே, அப்பவே." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு லேசாகச் சிரித்தாள். "அதான் பலகை கதையை முதல்லேருந்து சொன்னேன்."

மிருதுளா அவள் தோளில் கையைப் போட்டு இழுத்து அணைத்துக்கொண்டாள். ஆட்டோ பாலத்தை விட்டு இறங்கித் திரும்பியது.

"அத்தை, எனக்குத் தெரியும்னு அப்பாகிட்டச் சொல்லிடாதீங்க."

"ஏன்டா?"

"சொன்னா அவர் பேச ஆரம்பிச்சிடுவார்."